குமரியில் கேரவன் சந்திப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வளாகத்தில், மூன்று வருடமாக ஜனவரிக் கடைசியில் கேரவன் (உள்ளேயே படுத்து, சமைத்து வாழும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் கூடுகிறோம். போன தடவை 14 வண்டி, 41 பேர். டிசம்பர் பிறந்ததும் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ போன் வரும். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டை மிச்சம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ராலி ராலின்னு சொல்றீங்களே, அங்க வந்து என்னதான் செய்வீங்க?

வெளிநாட்டில் இதற்கு ராலி என்றுதான் பெயர். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் கொடி பிடித்துப் போகும் பேரணி என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் வருடம் மண்டபத்து மேனேஜர் "எந்தக் கட்சி சார்?" என்று கேட்டார். அதிலிருந்து சந்திப்பு என்றே சொல்கிறோம்.

வியாழன் சாயங்காலம் வந்து வண்டியை நிறுத்துவது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காலையில் கிளம்பிக் கடற்கரைப் பக்கம் சுற்றிவிட்டு ராத்திரி திரும்புவது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் வண்டிக்குள் இன்னொருவர் புகுந்து, பேட்டரி எங்கே வைத்திருக்கிறாய், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று நோண்டுவது. திங்கள் காலை கலைந்துவிடுவோம். பாதிப் பேர் வருவதே அந்த நோண்டலுக்காகத்தான்.

சொந்த வண்டி இல்ல. வாடகைக்கு எடுத்துட்டு வரலாமா அண்ணாச்சி?

தாராளமாக. போன தடவை மூன்று குடும்பம் அப்படித்தான் வந்தார்கள். வாடகை வண்டிக்குரிய நம்பர் பிளேட்டும் கேரளத்துக்குள் போகச் செல்லுபடியாகும் பெர்மிட்டும் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைத் தொட்டியை யார் சுத்தம் செய்து திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் கடைசி நாள் சண்டை வரும்.

பள்ளிக்கூட லீவுல மே மாசம் வெச்சா எல்லாரும் வரலாமே?

வரலாம், ஆனால் வெயிலில் வெந்துபோவோம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மேயில் புழுக்கம், அதோடு கடலும் முறுக்கிக்கொள்ளத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. உயரமான வண்டியை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். வண்டிக்கு வெளியே விரிக்கும் பந்தல் துணியை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சபரிமலை முடித்து வருகிறவர்கள் கன்னியாகுமரிக்கு வராமல் போக மாட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சாமி சிலைகள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும்போது அந்த நெடுஞ்சாலையே நின்று நின்றுதான் நகரும். அது பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் 14 வண்டியோடு அல்ல. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். மழை ஓய்ந்திருக்கும், மேற்குக் கடல் அமைதியாக இருக்கும், ராத்திரி ஏசி இல்லாமலே தூங்கலாம்.

கடலைப் பாக்கத்தான வர்றோம்? பீச்சுலயே நிறுத்தாம எதுக்குக் கல்யாண மண்டபம்?

கேட்காதவர்களே இல்லை. நம் கடற்கரை சும்மா கிடக்கும் இடம் இல்லை. முட்டத்திலிருந்து நீரோடி வரை அடுத்தடுத்து மீனவர் ஊர்கள். மணலில் வள்ளம் ஏறி நிற்கும், வலை காயும், விடிகாலை மூன்று மணிக்கு ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். அந்த மணல்தான் அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம். அங்கே போய்ப் பத்துப் பதினைந்து வண்டியை நிறுத்திக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? போதாததற்கு உப்புக்காற்று. மூன்று ராத்திரியில் சைக்கிள் செயின்கூடச் சிவந்துவிடும்.

மண்டபத்தில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: ஆயிரம் பேருக்குக் கட்டிய கழிப்பறை, ஆழ்துளைக் கிணறு, ஜெனரேட்டர், பெரிய சமையல்கட்டு, பஸ் திரும்பும் அளவுக்கு வாசல், ராத்திரிக் காவலாளி. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்தால் வாடகையும் குறையும். தை மாதத்தில் முகூர்த்தம் நிறைய என்பதால் ஆகஸ்டிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்தது. நம் பக்கம் அப்படி ஒன்று வரும்வரை மண்டபத்தை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

வீடு மாதிரி வண்டி வெச்சுக்கிட்டு, சுத்திப் பாக்க வேன் பிடிக்கச் சொல்றீங்களே, என்ன நியாயம்?

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கேரவனை மண்டபத்தில் நிறுத்தினால் திங்கள் காலைதான் சாவியைத் தொட வேண்டும். பகல் பயணத்துக்கு இரண்டு டெம்போ டிராவலர், அதோடு இருப்பவர்களின் கார்.

இந்த மாவட்டத்துச் சாலைகள் அப்படி. வீட்டு மதிலும் மதிலும் இடிக்காமல் இருப்பதே அதிசயம். மேலே பலாக்கொம்பு, கேபிள் வயர், குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) திருவிழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவு. முதல் வருடம் நான் கேட்காமல் என் வண்டியிலேயே குளச்சல் பக்கம் போனேன். கூரையில் ஏசியோடு சேர்த்து வண்டி பத்தரை அடி. ஒரு சந்தில் கேபிள் வயர் ஏசி மூடியில் மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் வயர் அறும், பின்னால் போனால் வரிசையாக ஆட்டோக்கள். ஒரு பெரியவர் மாடியிலிருந்து தென்னந்துரட்டியை நீட்டி வயரைத் தூக்கிப் பிடித்தார், நான் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். அந்தத் தெருவே டி.வி. இல்லாமல் அன்றைக்கு நல்ல படம் பார்த்தது.

எல்லா வண்டிக்கும் கரண்ட் கிடைக்குமா? ஏசி போடலாமா?

கிடைக்கும், கணக்கோடு. ஒரு ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 14 வண்டியும் ஒன்றாகப் போட்டால் 21 கிலோவாட். முதல் வருடம் ராத்திரி ஒன்பது மணிக்கு அதுதான் நடந்தது. மண்டபம் முழுக்க இருட்டு, மேனேஜர் டார்ச்சோடு வந்து நின்றார். இப்போது ஒரு லைனுக்கு நான்கு வண்டி, அதில் ஒரு நேரத்தில் ஒரு ஏசி. இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் ஹீட்டர் இரண்டுக்கும் தடை. ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் தாராளமாக. 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இருந்தால் 2.4 யூனிட் கையில் இருக்கிறது. ராத்திரி ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது போதும்.

வயரைப் பற்றி ஒன்று. சுருள் பெட்டியில் வரும் எக்ஸ்டென்ஷன் கொண்டு வந்தால் முழுக்க அவிழ்த்துத் தரையில் போடுங்கள். சுற்றியபடியே வைத்துப் பெரிய சாமானை ஓட்டினால் உள்சுற்று சூடாகி உறை இளகிவிடும். ஒருவர் வண்டியில் அப்படித்தான் நாற்றம் பிடித்துக் கண்டுபிடித்தோம், தொட்டால் கை சுட்டது. 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எர்த் கம்பி கட்டாயம். வண்டிக்குள் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லாதவர்களுக்கு எங்கள் லைனில் இடம் கிடையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடம்.

தண்ணி பிடிக்கறது சரி, கழிவை எங்க கொட்டறது?

பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீரைத் தென்னை மூட்டில் விடலாம். பிளீச்சிங், ஃபினாயில் கலந்திருந்தால் அதுவும் வேண்டாம். கழிப்பறைப் பெட்டியை மண்டபத்துக் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவ ஏற்பாடு இருக்கிறது. பெட்டிக்குள் ஊற்றும் நீல மருந்தை நாலு நாளைக்கு நிறுத்தி வையுங்கள். 14 பெட்டி மருந்து போனால் செப்டிக் டேங்கில் வேலை செய்யும் கிருமியெல்லாம் செத்துவிடும், அப்புறம் மண்டபத்தில் அடுத்த கல்யாணத்துக்கு நாறும்.

வழியில் கால்வாய் ஓரம் நிறுத்தித் திறந்துவிடலாம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். செய்யவே கூடாது. கேரளத்திலிருந்து கழிவைக் கொண்டுவந்து இந்த மாவட்டத்தில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளால் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கொதித்துப் போயிருக்கிறார்கள். மூடிய பெரிய வண்டி ஒன்று ராத்திரியில் ஓரம் கட்டிக் குழாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் ஊர் கூடிவிடும். நியாயமான கோபம்தான்.

கன்னியாகுமரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? சூரிய உதயம் பாத்தே ஆகணுமா?

பார்க்க ஆசைப்பட்டால் ஐந்து மணிக்கு வேன் ஏற வேண்டும். தக்கலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஜனவரிக் கடைசியில் சூரியன் ஆறே முக்கால் ஒட்டித்தான் எழும்பும். அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிப் படகு வரிசையில் நின்றால் கூட்டத்துக்கு முந்திவிடலாம். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970-ல் திறந்தது. 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல். முன்பு கடல் வற்றினால் சிலைப் பாறைக்குப் படகு போகாது, பாறையோடு திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்ததிலிருந்து நடந்தே போய்விடலாம்.

மதியத்துக்கு மேல் வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை, மதிலில் அலை வந்து மோதும், கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் பாறையைவிட இங்கே அதிக நேரம் உட்காரலாம். சாயங்காலம் மறுபடி கன்னியாகுமரி. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து இறங்குவதால் கடலுக்குள்ளேயே மறைவதைப் பார்க்கலாம். மே, ஜூனில் வருகிறவர்களுக்கு அது கிடைக்காது. மே மாதம் வேண்டாம் என்று மேலே சொன்னதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம் நாள் என்ன? இன்னொரு பீச்சா?

பீச் கடைசியில்தான். காலையில் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. நிற்கும் மண் தமிழ்நாடு, சாவி கேரளத் தொல்லியல் துறையிடம். 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்களிடமே நின்றுவிட்டது. திங்கள்கிழமை விடுமுறை, அதனால்தான் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை அடைப்பு, ஆகவே ஒன்பதுக்கே போய்விடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அந்தக் கறுப்புத் தரையில் காலை வைத்தால் ஜில்லென்று ஏறும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த தரை என்பார்கள். குனிந்தால் உங்கள் முகம் தெரியும்.

அடுத்து நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. உள்ளே டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர், பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்துத் தளபதியானவர். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும். அதைப் பார்த்த கையோடு குளச்சலுக்குப் போய் வெற்றித் தூணைப் பார்த்தால் கதை சேர்ந்துவிடும். சூரியன் விழும் நேரத்துக்கு முட்டம் பாறைகள்.

மூணாம் நாள் கேரளா. பூவார், கோவளம், வர்க்கலை மூணையும் முடிச்சிரலாமா?

முடிக்கலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வர்க்கலை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். செம்பாறைக் குன்றுக்கு அடியில் பாபநாசம் கடற்கரை, மேலே ஜனார்த்தனசுவாமி கோயில். அதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். நாங்கள் பூவார், கோவளத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வர்க்கலை வேண்டும் என்கிறவர்கள் திங்கள் காலை கேரவனோடு அங்கே போய், வந்த வழி திரும்பாமல் கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கிவிடலாம்.

களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பழைய சாலையில் போனால் ஒவ்வொரு முக்கிலும் நிற்க வேண்டும். காரோட்டில் நான்குவழி பைபாஸ் ஏறிவிடுங்கள். பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் பொழிக்குப் படகு போகும். சாலையிலேயே வண்டியை மறித்து "போட்டிங் சார்" என்கிறவர்களிடம் பேசாமல், படகுத்துறைக்குப் போய் எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று இரண்டையும் கேட்டு விலை பேசுங்கள். கோவளத்தில் கலங்கரை விளக்கம் 36 மீட்டர். மேலே ஏறினால் ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள்.

எல்லைல பேப்பர் கேப்பாங்களா? என் வேன்ல நானே கட்டில் போட்டு மாத்தினது, ஆர்.சி.ல கேரவன்னு இல்ல.

தமிழ்நாட்டில் பதிவான சொந்த வண்டி சில நாள் கேரளம் போய்வரத் தனி வரி கிடையாது. 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால்தான் மறுபதிவு. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே செல்லும்.

மாற்றிய வேன்தான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். எல்லையில் மறிக்காமல் விட்டுவிடலாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். கழற்றி எடுக்கிற மாதிரி மெத்தை, பெட்டி வைத்திருப்பது வேறு. சீட்டைப் பிடுங்கி, கேஸ் லைன் இழுத்து, ஜன்னல் வெட்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

கடல்ல இறங்கிக் குளிக்கலாமா?

ஜனவரியில் கோவளத்தில், உயிர்காப்பாளர் நிற்கும் கொடிகளுக்கு நடுவே மட்டும். முட்டத்தில் பாறை மேல் செல்ஃபி எடுக்க இறங்குவதுகூட வேண்டாம். "கள்ளக்கடல்" என்று மீனவர்கள் சொல்வது ஏதோ கதை இல்லை. எங்கோ தெற்கே தூரக் கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரை ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட அலைதான். இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையம்) எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்கு எங்கள் வேன் கடற்கரைக்குப் போகாது. மீனவர்கள் வள்ளம் இறக்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

சாப்பாடு யார் சமைப்பா?

காலையும் ராத்திரியும் மண்டபத்தில், உள்ளூர் சமையல்காரர். ஒரு ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கட்டாயம், சைவக்காரர்களுக்கு அவியலும் ரசவடையும். மதியம் போகிற இடத்தில். ஜனவரியில் மீன் தாராளம். மே, ஜூனில் வந்திருந்தால் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மேற்கே ஜூன், ஜூலை என்று விசைப்படகுத் தடைக்காலம் மாற்றி மாற்றி வரும். திரும்பும்போது மட்டி வாழைப்பழம் வாங்குங்கள், ஆனால் இரண்டு நாளில் தின்றுவிட வேண்டும். கேரவன் ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள், எல்லா இடத்துக்கும் அழைத்துப் போக வேண்டாம். விவேகானந்தர் பாறையில் படகு ஏறி இறங்குவதும் படிகளும் கஷ்டம். அரண்மனையில் செங்குத்தான மரப்படிகள். வட்டக்கோட்டை பரவாயில்லை. சுசீந்திரம் நல்லது, கோயில் பிரகாரம் சமதளம், 18 அடி அனுமாரைத் தரையிலிருந்தே தரிசிக்கலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

திடீர்னு மழை, படகும் ஓடல. அன்னைக்கு என்ன?

மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது, 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்ப் பாலம். தூறலில் அதன் மேல் நடந்தால் கீழே ரப்பர், தென்னை எல்லாம் ஒரே பச்சை. மழை விட்டால் சிதறால் மலையில் சமணர் குகையும் ஏறிவிடலாம். போன தடவை இந்த மாற்றுத் திட்டம்தான் நன்றாக இருந்தது என்று ஆறேழு பேர் சொன்னார்கள். கடல் கடல் என்று வந்தவர்கள்தான்.

செலவை எப்படிப் பிரிப்பீங்க? போன தடவை ஏதோ சண்டையாமே?

சண்டை இல்லை, முணுமுணுப்பு. தனியாக வந்தவரும் ஆறு பேராக வந்தவரும் ஒரே தொகை கொடுத்ததால் வந்தது. இப்போது மண்டப வாடகை, கரண்ட், செப்டிக் டேங்க் லாரி மூன்றும் வண்டிக் கணக்கு. சாப்பாடு, வேன் தலைக்கணக்கு, ஐந்து வயதுக்குக் கீழே இல்லை. நுழைவுச் சீட்டு, படகு அவரவர் பாடு. முன்பணம் டிசம்பர் 15-க்குள். அதற்குப் பிறகு வராமல் போனால் வண்டிக் கணக்கு திரும்பாது, தலைக்கணக்கு திரும்பும்.

டிரோன் கொண்டு வரலாமா? அப்புறம்... ராத்திரி கொஞ்சம் பார்ட்டி?

இரண்டும் வேண்டாம். துறைமுகம், விமான நிலையம், தும்பா ராக்கெட் தளம் என்று போகிற பக்கமெல்லாம் தடைப் பகுதி. பார்ட்டி பற்றி மேனேஜரிடம் நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?

பத்து மணிக்குள். ஆனால் ஏழரைக்குள் நாகர்கோவிலைத் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூட பஸ்களுக்கு நடுவே மாட்டுவீர்கள். மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு வழியில் தோவாளைப் பூச்சந்தை. கிளம்புவதற்கு முன் வயரைச் சுற்றினோமா, கூரை ஜன்னலை மூடினோமா என்று ஒரு தடவை வண்டியைச் சுற்றி வாருங்கள். போன வருடம் ஒருவர் எக்ஸ்டென்ஷனைக் கழற்றாமலே வண்டியை எடுத்தார். பிளக் எங்கள் போர்டிலேயே இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.